ராஜா மட்டும்தான் நகர முடியும்: டபுள் செக் பசில் தீர்க்கப் பழகுபவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் செஸ் போர்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் பெரிய ஆட்டக்காரன் ஒன்றும் இல்லை. பசில் தீர்ப்பதில் கொஞ்சம் பைத்தியம், அவ்வளவுதான். முதலில் விடை சொல்பவருக்கு மற்றவர்கள் காசு சேர்த்துத் தட்டுவடை செட் வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சேலத்துப் பிள்ளைகளை யோசிக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் கீழே இருக்கும் முதல் பசிலை வைத்தேன். விடையைச் சொன்னதும் ஒரு பையன் சண்டைக்கு வந்துவிட்டான். "சார், அந்தக் கட்டத்துல குதிரைய வெச்சா மூணு பேரு வெட்டலாம் சார். அது எப்படி மேட்?"

நியாயமான கேள்வி. டபுள் செக்கில், அதாவது ஒரே நகர்த்தலில் ராஜாவுக்கு இரண்டு செக் விழும்போது, தடுமாறும் எல்லோரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் போர்டை எடுத்து வையுங்கள்

இதைப் படிக்கும்போது எதிரே நிஜமான போர்டு இருக்கட்டும். ஃபோன் திரை வேண்டாம். காயைக் கையால் எடுத்து வைத்தால்தான் கோடுகள் கண்ணில் படும். வெள்ளைக் காய் ஆடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, ஹெச் என்று எட்டு வரிசை. கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை. வெள்ளை ராஜா ஆட்டத் தொடக்கத்தில் நிற்கும் கட்டம் ஈ1, கருப்பு ராஜா நிற்பது ஈ8. உங்கள் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும். அதைத் தப்பாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விடை தேடியவர்களை எனக்குத் தெரியும்.

காய்களின் பெயரில் ஒரு சிக்கல். மந்திரி என்றால் சிலருக்குக் குறுக்கே போகும் காய். பழைய ஆட்டக்காரர்களுக்கு ராணிதான் மந்திரி. அதனால் இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன்.

விதி ஒன்றுதான்

சாதாரண செக் வந்தால் தப்பிக்க மூன்று வழி: செக் கொடுத்த காயை வெட்டலாம், நடுவில் ஒரு காயைப் போட்டு மறைக்கலாம், ராஜாவை நகர்த்தலாம். டபுள் செக்கில் ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள் ராஜாவைத் தாக்குகின்றன. ஒன்றை வெட்டினால் இன்னொன்றின் செக் அப்படியே இருக்கும். ஒன்றை மறைத்தால் மற்றது மறையாது. ஆகவே முதல் இரண்டு வழியும் அடைபட்டுப் போகும். ராஜா நகர்ந்தே ஆக வேண்டும்.

இதில் பதற்றப்பட்டு ராஜாவை விட்டுவிட்டு வேறு காயால் வெட்டினால் அது செல்லாத நகர்த்தல். ஃபிடே என்னும் உலக செஸ் அமைப்பின் விதிப்படி நடக்கும் நீண்ட நேரப் போட்டியில் முதல் தடவை செல்லாத நகர்த்தல் செய்தால் எதிராளியின் கடிகாரத்தில் 2 நிமிடம் கூடும். இரண்டாவது தடவை செய்தால் ஆட்டமே போய்விடும்.

சரி, பசில். வெள்ளை ஆடி ஒரே நகர்த்தலில் மேட்.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி ஈ2, குதிரை ஈ4.
கருப்பு: ராஜா ஈ8, ராணி டி8, பிஷப் எஃப்8, குதிரை ஜி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7.

விடை: குதிரை எஃப்6. குதிரை ஈ4-இலிருந்து விலகியதும் ஈ வரிசை திறந்து ராணியின் செக் விழுகிறது. குதிரையும் எஃப்6-இலிருந்து ஈ8-ஐத் தாக்குகிறது. இப்போது அந்தப் பையனின் கணக்கைப் பார்ப்போம். ஜி7 சிப்பாய் குதிரையை வெட்டலாம், ஜி8 குதிரை வெட்டலாம், டி8 ராணியும் வெட்டலாம். மூன்றும் உண்மை. ஆனால் யார் வெட்டினாலும் ஈ2 ராணியின் செக் நிற்கிறது. அதேபோல ஈ7-இல் ராணியையோ பிஷப்பையோ குதிரையையோ போட்டு மறைக்கலாம், ஆனால் குதிரையின் செக்கை மறைக்க முடியாது. வெட்ட மூன்று பேர், மறைக்க மூன்று பேர், இரண்டிலும் வரும் ராணியையும் குதிரையையும் ஒரு தடவை மட்டும் எண்ணினால் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

ராஜா எங்கே போவார்? டி8, எஃப்8, எஃப்7 மூன்றிலும் சொந்தக் காய்கள். ஈ7-ஐ ராணி பார்க்கிறது. டி7-ஐக் குதிரை பார்க்கிறது. மேட்.

இந்த பசிலில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. குதிரையை டி6-இல் வைத்தாலும் டபுள் செக்தான். பிள்ளைகளில் பாதிப்பேர் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அங்கே குதிரை டி7-ஐப் பார்க்காது, ராஜா டி7 வழியாக நழுவிவிடுவார். சி5-இல் வைத்தால் டி7 அடைபடும், ஆனால் குதிரையால் செக் இல்லை. ராணியின் செக் மட்டும்தான். அப்போது ஈ7-இல் எதையாவது போட்டு மறைத்துவிடலாம். இப்படி முன்னால் இருப்பது விலகிப் பின்னால் இருப்பது மட்டும் செக் கொடுத்தால் அது டிஸ்கவர்டு செக். டபுள் செக் அதற்கு அண்ணன்.

எதைப் பார்த்துத் தொடங்குவது

பழகாதவர்கள் தங்கள் காய்களைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். ராணியை எங்கே வைக்கலாம், எதைப் பலி கொடுக்கலாம் என்று. நான் பிள்ளைகளிடம் முதலில் எதிரியின் ராஜாவைச் சுற்றி விரல் வைத்து எண்ணச் சொல்கிறேன். டபுள் செக்கில் ராஜா மட்டும்தான் நகர முடியும் என்றால், அவர் போகக்கூடிய கட்டங்கள்தானே முழுக் கதையும்?

நடுப்போர்டில் ராஜாவுக்கு எட்டுக் கட்டம், ஓரத்தில் ஐந்து, மூலையில் மூன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்றில் ஒரு பதில் இருக்கும்: சொந்தக் காய் உட்கார்ந்திருக்கிறது, என் காய் பார்க்கிறது, காலியாக இருக்கிறது. காலியாக இருக்கும் கட்டங்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலே உள்ள பசிலில் குதிரை கிளம்பும் முன் இரண்டுதான்: டி7, ஈ7. ஈ7-ஐ ராணி பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்துவிட்டால், டி7-ஐப் பார்க்கும் கட்டத்துக்குக் குதிரை போக வேண்டும். விடை தானே வந்து நிற்கும், தேடவே வேண்டாம்.

அப்புறம்தான் உங்கள் காய்கள். டபுள் செக்குக்கு ஒரு ஜோடி வேண்டும். நானே வைத்த பெயர்கள் இவை: பின்காய், முன்காய். பின்காய் ராஜாவை நோக்கிய கோட்டில் நிற்கும். முன்காய் அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டு நிற்கும். முன்காய் விலகும்போது தானும் செக் கொடுத்தால் வேலை முடிந்தது. பின்காயாக இருக்க நீண்ட தூரம் போகிற காய் வேண்டும்: ராணி, யானை, பிஷப். முன்காயாகக் குதிரை, பிஷப், யானை, சிப்பாய் நான்கும் வரலாம். யானை முன்னால் இருந்தால் பின்னால் குறுக்குக் கோட்டில் பிஷப்போ ராணியோ இருக்க வேண்டும். பிஷப் முன்னால் இருந்தால் பின்னால் நேர்கோட்டில் யானையோ ராணியோ.

ராணி மட்டும் முன்காயாக ஆக முடியாது. ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எந்தக் கோட்டில் நின்றாலும் அந்தக் கோட்டில் ராணியே செக் கொடுத்துக்கொண்டிருப்பார், திறப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. இது தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும். ராணியை நகர்த்தி டபுள் செக் வருமா என்று பார்க்கவே வேண்டாம்.

ராஜாவே வெட்டிவிட்டால்?

விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேறு காய்களால் வெட்ட முடியாதே தவிர, செக் கொடுத்த காய் ராஜாவுக்குப் பக்கத்திலேயே இருந்து அதற்குக் காவல் இல்லை என்றால் ராஜா அதைத் தின்றுவிட்டுப் போகலாம். இதையும் கையால் வைத்துப் பாருங்கள்.

வெள்ளை: ராஜா ஜி1, யானை ஈ1, பிஷப் ஈ6, குதிரை ஜி5.
கருப்பு: ராஜா ஈ8, ராணி டி8, பிஷப் எஃப்8, சிப்பாய் டி7.

பின்காய் யானை, முன்காய் பிஷப். டபுள் செக் கொடுக்க பிஷப்புக்கு இரண்டு வழி. டி7-இல் சிப்பாயை வெட்டிக்கொண்டே செக் கொடுக்கலாம், அல்லது எஃப்7-க்குப் போகலாம். வெட்டுவதைப் பார்த்தாலே நமக்குக் கை அரிக்கும். ஆனால் டி7-இல் பிஷப்புக்குக் காவல் இல்லை. ராணியால் வெட்ட முடியாது, சரி. ராஜா வெட்டிவிடுவார். மேட்டும் போச்சு, பிஷப்பும் போச்சு.

எஃப்7-இல் ஜி5 குதிரை காவல் இருக்கிறது. ராஜா வெட்ட முடியாது. ஈ7-ஐ யானை பார்க்கிறது, டி8, எஃப்8, டி7 மூன்றிலும் சொந்தக் காய்கள். மேட். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கருப்பு ராணி டி8-இலிருந்து ஈ7, எஃப்6 வழியாக ஜி5 குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காவல் குதிரையை வெட்டினால் மேட் கலைந்துவிடுமே என்று தோன்றும். வெட்ட நேரம் கிடைத்தால்தானே?

ஆக, முன்காய் ராஜாவை ஒட்டி இறங்கும்போது மட்டும் காவல் உண்டா என்று பாருங்கள். தூரத்தில் இறங்கினால் எத்தனை பேர் அதை வெட்ட முடிந்தாலும் கவலையில்லை.

ஏற்காட்டில் வாங்கிய அடி

இந்தப் பாடம் எனக்கு ஏற்காட்டில் கிடைத்தது. எங்கள் பெரியம்மா மகன் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் சாயங்காலமே கரண்ட் போய்விடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணனும் நானும் ஆடுவோம். வெளியே சில்வர் ஓக் மரங்களில் மழை கொட்டும் சத்தம். கடைசியில் நிலவரம் ஏறக்குறைய இப்படி இருந்தது. நான் கருப்பு.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி4, குதிரை ஜி5, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, ஹெச்2.
கருப்பு: ராஜா ஹெச்8, ராணி பி2, யானை ஈ8, சிப்பாய்கள் ஜி7, ஹெச்7.

அண்ணன் குதிரையை எஃப்7-இல் வைத்துச் செக் சொன்னார். நான் ராஜாவை ஜி8-க்கு நகர்த்தினேன், வேறு வழி இல்லை. குதிரையை எடுத்து ஹெச்6-இல் வைத்தார். என் ஜி7 சிப்பாய் குறுக்கே வெட்டும் கட்டத்தில், வாயில் ஊட்டிவிட்ட மாதிரி! யோசிக்காமல் சிப்பாயால் வெட்டினேன்.

"ராணி செக்கு அப்படியே நிக்குதே தம்பி, திருப்பி வை" என்றார்.

திருப்பி வைத்தேன். மெழுகுவர்த்தியை இன்னும் கிட்டே இழுத்து வைத்துப் பார்த்தேன். ராஜாவுக்கு இரண்டு கட்டம் இருந்தது: எஃப்8, ஹெச்8. எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-இல் வந்து மேட், ஹெச்6 குதிரை அதற்குக் காவல். ஹெச்8-க்குப் போனேன். அண்ணன் சிரித்துக்கொண்டே ராணியைத் தூக்கி ஜி8-இல் வைத்தார். ராஜாவால் வெட்ட முடியாது, குதிரை காவல். யானையால்தான் வெட்ட வேண்டும். வெட்டினேன். குதிரை மறுபடி எஃப்7. மேட். என் யானையும் இரண்டு சிப்பாய்களும் சுற்றி நின்று என் ராஜாவையே மூச்சுமுட்ட அடைத்துவிட்டன.

இந்த முறைக்கு ஃபிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்துவிட்டார்கள், அவர் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஆனால் 1497-இல் ஸ்பெயினில் லுசெனா அச்சிட்ட நூலிலேயே இது இருக்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதைத் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டேன்.

பசில் தீர்ப்பவருக்கு இதில் இரண்டு விஷயம். ஒன்று, டபுள் செக் எப்போதும் கடைசி அடியாக வராது. இங்கே அது நடுவில் வந்து ராஜாவை மூலைக்குத் தள்ளுகிறது. இரண்டாவது, ராஜாவுக்கு இரண்டு கட்டம் இருந்தால் இரண்டுக்கும் உங்களிடம் பதில் வேண்டும். ஹெச்8-க்கு மட்டும் அழகான விடை கண்டுபிடித்துவிட்டு எஃப்8-ஐ மறந்தால் நீங்கள் பசிலைத் தீர்க்கவில்லை, பாதி யூகித்திருக்கிறீர்கள். விரல் வைத்து எண்ணச் சொன்னது இதற்காகத்தான்.

ஜோடி இருக்கிறது, ராஜா இல்லை

கொஞ்சம் கடினமான பசில்களில் பின்காய், முன்காய் ஜோடி தயாராக இருக்கும். ஆனால் ராஜா அந்தக் கோட்டில் இருக்க மாட்டார். அப்போது அவரை இழுத்து வர வேண்டும். இழுத்து வர இரை வேண்டும். பெரும்பாலும் அந்த இரை ராணிதான்.

இதற்கு 1910-இல் வியன்னாவில் ரிச்சர்டு ரெட்டி, சவியெல்லி டார்டகோவரை 11 நகர்த்தலில் மடக்கிய ஆட்டத்தைவிட நல்ல பாடம் கிடையாது. முழு ஆட்டத்தையும் வைக்க வேண்டாம், எட்டாவது நகர்த்தல் முடிந்த நிலையை வையுங்கள்.

வெள்ளை: ராஜா சி1, ராணி டி3, யானைகள் டி1, ஹெச்1, பிஷப்கள் டி2, எஃப்1, குதிரை ஜி1, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, எஃப்2, ஜி2, ஹெச்2.
கருப்பு: ராஜா ஈ8, ராணி ஈ5, யானைகள் ஏ8, ஹெச்8, பிஷப்கள் சி8, எஃப்8, குதிரைகள் பி8, ஈ4, சிப்பாய்கள் ஏ7, பி7, சி6, எஃப்7, ஜி7, ஹெச்7.

டார்டகோவர் அப்போதுதான் ஈ4-இல் ஒரு குதிரையை வெட்டியிருக்கிறார். எல்லோரும் ராணியால் அந்தக் குதிரையைத் திரும்ப வெட்டுவதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். நாம் ஜோடியைத் தேடுவோம். டி1-இல் யானை, அதற்கு முன்னால் டி2-இல் பிஷப். டி வரிசை முழுக்கத் திறந்து கிடக்கிறது, நம் ராணி மட்டும் நடுவில். கருப்பு ராஜா பக்கத்து வரிசையில் நிற்கிறார். ஒரே ஒரு கட்டம் இந்தப் பக்கம் தள்ளி நின்றால் போதும்!

அதனால் ராணி டி8, செக். ராஜா வெட்டியே ஆக வேண்டும், வேறு நகர்த்தல் இல்லை. ஒரே அடியில் ராணி வழியையும் விட்டுவிட்டது, ராஜாவையும் இழுத்துவிட்டது. இப்போது பிஷப் ஜி5. யானை செக், பிஷப் செக். டி7-ஐ யானை பார்க்கிறது, ஈ7-ஐ பிஷப் பார்க்கிறது, சி8-இல் சொந்த பிஷப். மீதி இரண்டு: ஈ8, சி7.

ஈ8-க்குத் திரும்பினால் யானை டி8-இல் வந்து மேட். பிஷப் காவல். டார்டகோவர் சி7-க்குப் போனார். ரெட்டி பிஷப்பை டி8-க்குக் கொண்டுவந்தார், யானை காவல். மேட்.

கடைசி நிலையில் பிள்ளைகள் எப்போதும் சண்டை போடும் ஒரு கட்டம் உண்டு: பி6. "பி6 காலியாத்தானே இருக்கு சார்?" காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் டி8, சி7, பி6 மூன்றும் ஒரே குறுக்குக் கோடு. ராஜா சி7-ஐ விட்டு பி6-க்குப் போனால், இதுவரை ராஜாவே மறைத்துக்கொண்டிருந்த பிஷப்பின் பார்வை அங்கேயும் விழும். நீண்ட தூரக் காய் செக் கொடுக்கும்போது ராஜாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கட்டமும் அடைபட்டதுதான். கட்டங்களை எண்ணும்போது மனதில் ராஜாவைப் போர்டிலிருந்து தூக்கிவிட்டு எண்ணினால் இந்தத் தப்பு வராது.

இதே யானை, பிஷப் ஜோடியை 1852-இல் பெர்லினில் ஆண்டர்சன், டுஃப்ரெஸ்னுக்கு எதிராக ஆடிய ஆட்டத்திலும் பார்க்கலாம். அங்கேயும் ராணியைக் கொடுத்து ராஜாவை டி7-க்கு இழுத்து, டி3 பிஷப் எஃப்5-க்குத் தாவி டபுள் செக். தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட ஓட்டம் ஒன்று

1912-இல் லண்டனில் எட்வர்டு லாஸ்கர், ஜார்ஜ் தாமஸை எதிர்த்து ஆடிய ஆட்டம் வேறு மாதிரி. லாஸ்கர் ராணியை ஹெச்7-இல் கொடுத்தார், ராஜா வெட்டினார். ஈ4-இல் இருந்த குதிரை எஃப்6-இல் பிஷப்பை வெட்டியதும் பின்னால் டி3-இல் இருந்த பிஷப்பும் திறந்துகொண்டு டபுள் செக். ராஜா ஹெச்8-க்குத் திரும்பினால் இன்னொரு குதிரை ஜி6-இல் வந்து உடனே மேட். அதனால் அவர் ஹெச்6-க்கு ஏறினார். அதற்கப்புறம் ஜி5, எஃப்4, எஃப்3, ஜி2, ஜி1 என்று விரட்டி விரட்டிப் போர்டின் மறுகோடிக்கே கொண்டுபோய், 18-ஆவது நகர்த்தலில் வெள்ளை ராஜாவையே டி2-க்கு நகர்த்தி மேட். புதிதாகப் பழகுபவர்கள் இந்த ஓட்டம் முழுவதையும் மனதில் ஓட்ட முயல வேண்டாம். டபுள் செக் வரைக்கும், அதன் இரண்டு கிளைகள் வரைக்கும் மனக்கண்ணில் கண்டால் போதும்.

பழகும் விதம்

லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் பசில்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், டபுள் செக் என்றே ஒரு தலைப்பு உண்டு, காசு கிடையாது. தொடக்கத்தில் அதையே போடுங்கள். ஆனால் அதில் ஒரு கெடுதல். தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. டபுள் செக் இருக்கிறது என்று தெரிந்து தேடுவது, தொலைத்த சாவி எந்த அறையில் என்று தெரிந்துகொண்டு தேடுகிற மாதிரி. நிஜ ஆட்டத்தில் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அதனால் முறை பிடிபட்டதும் கலந்து வரும் பசில்களுக்கு மாறிவிடுங்கள்.

திரையில் பழகுபவர்களுக்கு இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: முதல் நகர்த்தலைப் போட்டுப் பார்ப்பது, தப்பென்றால் அடுத்ததைப் போட்டுப் பார்ப்பது. ஒரு சிறுமி இப்படியே ஒரு மாதம் தீர்த்துவிட்டு, திண்ணைப் போர்டில் ஒன்றுகூடத் தீர்க்க முடியாமல் அழுதாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரே நிபந்தனை. எதிராளி ராஜாவின் எல்லாக் கிளைக்கும் வாயால் பதில் சொல்லி முடித்த பிறகுதான் காயைத் தொடலாம். ஒரு நாளைக்கு ஐந்து பசில் இப்படிப் போட்டால் போதும். ஐம்பது தட்டிவிடுவதில் ஒரு பயனும் இல்லை.

போர்டு இல்லாமல் மனதிலேயே ஓட்டிப் பார்ப்பதும் நல்ல பயிற்சிதான். ஆனால் இடம் பார்த்துச் செய்யுங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு தடவை பஸ்ஸில் வளைவுக்கு ஒரு பசில் என்று கணக்கு வைத்துக்கொண்டு மடியில் காந்தப் போர்டோடு கிளம்பினேன். ஒன்பதாவது வளைவில் போர்டை மூடிவிட்டு ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எலுமிச்சம்பழம் கொடுத்தார். அந்தப் பசில் இன்னும் தீரவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு

திண்ணையில் அடுத்து வைக்கப்போவது இது. வெள்ளை ஆடி மூன்று நகர்த்தலில் மேட்.

வெள்ளை: ராஜா ஹெச்1, ராணி ஜி5, குதிரை ஜி4, யானை ஜி1, சிப்பாய் ஹெச்2.
கருப்பு: ராஜா ஹெச்8, ராணி பி2, யானை ஈ8, பிஷப் எஃப்8, சிப்பாய் ஹெச்7.

ஜோடி எது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். ராஜா எந்தக் கட்டத்துக்கு வர வேண்டும், அவரை அங்கே கூப்பிட எதை இரையாக வைக்க வேண்டும் என்பதும் கொஞ்ச நேரத்தில் பிடிபடும். அதற்கப்புறம் டபுள் செக் கொடுக்கக் குதிரைக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும்: எஃப்6, ஹெச்6. எஃப்6-ஐக் கருப்பு ராணி பார்க்கிறது, ஹெச்6-ஐக் கருப்பு பிஷப் பார்க்கிறது. இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் இரண்டில் ஒன்றுதான் சரி. எஃப்7-இல் சிப்பாய் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?